குற்றவியல் முதுகலை: சேப்பாக்கமா, அபிஷேகப்பட்டியா, மும்பையா, லண்டனா?

இளங்கலை கடைசிப் பருவத் தேர்வு முடிந்ததும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "கிரிமினாலஜி படிச்சா போலீஸ்ல சேர ஈசியா இருக்குமா?" இருக்காது. தமிழ்நாட்டில் உதவி ஆய்வாளர் தேர்வுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். குரூப் 1 வழியாக டி.எஸ்.பி. ஆவதற்கும் அப்படித்தான். யு.பி.எஸ்.சி. விருப்பப் பாடப் பட்டியலில் சட்டம் உண்டு, உளவியல் உண்டு, சமூகவியல் உண்டு, கால்நடை மருத்துவம்கூட உண்டு. குற்றவியல் மட்டும் இல்லை. காக்கிச் சட்டை ஒன்றே குறி என்றால், அந்த இரண்டு வருடத்தை ஓட்டத்திலும் கயிறு ஏறுவதிலும் பொது அறிவிலும் போடுவதே லாபம்.

இந்த ஆசையை ஓரமாக வைத்துவிட்ட பிறகும் படிக்கத் தோன்றினால், அப்போது பேசலாம். குற்றம் ஏன் நடக்கிறது, யார் பிடிபடுகிறார்கள், யார் தப்புகிறார்கள், தண்டனை என்ன செய்கிறது, பாதிக்கப்பட்டவருக்குக் கடைசியில் என்ன கிடைக்கிறது என்று காவல் நிலையத்திலிருந்து சிறை வாசல் வரை ஒரே பார்வையில் பார்க்கும் படிப்பு இது. ஆனால் நம் நாட்டு வேலை அமைப்பு அந்த முழுப் பார்வைக்கு என்று நாற்காலி போட்டு வைக்கவில்லை. வழக்கறிஞருக்குச் சட்டப் பட்டம் கேட்கிறார்கள், தடய ஆய்வகத்துக்கு வேதியியலோ உயிரியலோ கேட்கிறார்கள், குழந்தைகள் பாதுகாப்புப் பணிக்குச் சமூகப்பணி கேட்கிறார்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தவருக்குத்தான் தனிப் பதவி மிகக் குறைவு. ஆகவே "எந்தப் பல்கலைக்கழகம் நல்லது" என்பதைவிட, எந்த நாற்காலியில் உட்காரப் போகிறோம், அதற்கு எந்தப் பட்டத்தின் பெயரைக் கேட்கிறார்கள் என்பதே முதல் கேள்வி. அதில் பாதியை உங்கள் இளங்கலைப் பட்டம் ஏற்கெனவே தீர்மானித்துவிட்டது.

பி.எல். முடித்தவர்களுக்கு

இவர்களுக்கான வழி எல்.எல்.எம். தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் சட்டமும் குற்றவியல் நீதி நிர்வாகமும் ஒரு தனிப் பிரிவு, இரண்டு ஆண்டு. திருச்சியிலுள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் கிளாட் என்ற பொது நுழைவுத் தேர்வை எழுதிச் சேர்ந்தால் ஒரே ஆண்டில் முடிந்துவிடும். ஒரு வருடம் மிச்சம், ஆனால் கட்டணம் பல மடங்கு.

சட்டக் கல்லூரியில் பாடம் நடத்த வேண்டும் என்பவர்களுக்கு எல்.எல்.எம். கட்டாயம். மற்றவர்கள் யோசிக்க வேண்டும். உரிமையியல் நீதிபதி தேர்வுக்கு எல்.எல்.எம். தேவையில்லை. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்வுக்கு மூன்றாண்டு வழக்காடிய அனுபவம் வேண்டும் என்று மறுபடி கொண்டுவந்துவிட்டது, முழுநேர எல்.எல்.எம். அதற்கு மாற்றாகாது. அரசு உதவி வழக்கு நடத்துநர் பதவிக்கும் குற்றவியல் நீதிமன்றங்களில் வழக்காடிய வருடங்களைத்தான் கேட்கிறார்கள். நீதிமன்றத்தில் நிற்கப் போகிறவருக்கு ஒரு நல்ல சீனியர் கிடைத்தால், எல்.எல்.எம். அவசரமில்லை.

ஒன்று மட்டும் எல்.எல்.எம். பக்கம் இப்போது சாய்கிறது. 2024 ஜூலை 1 முதல், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதாவும் அதோடு சேர்ந்த இரண்டு சட்டங்களும் நடைமுறைக்கு வந்தன. 302 என்று ஊரே சொல்லிப் பழகிய கொலைப் பிரிவு 103 ஆனது. 420 போய் 318 வந்தது. எண் மாறியதை ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். சமுதாயச் சேவையைத் தண்டனையாகச் சேர்த்தது, முதல்முறை சிக்கிய விசாரணைக் கைதி உச்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்திருந்தால் பிணையில் விடச் சொல்வது போன்ற மாற்றங்களுக்கு இன்னும் முன்தீர்ப்புகள் திரளவில்லை. ஆய்வு எழுத நினைப்பவருக்குக் கைபடாத நிலம் இது.

சென்னையும் நெல்லையும்

பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். என்று எதை முடித்திருந்தாலும் பெரும்பாலும் கதவு திறக்கும் இடங்கள் இவை. தமிழ்நாட்டு மாணவருக்கு இவ்வளவு அருகில், இவ்வளவு குறைந்த கட்டணத்தில் இந்தப் படிப்பு இருப்பது சாதாரண விஷயமில்லை. வட இந்தியாவில் பல மாநிலங்களில் குற்றவியலுக்கென்று அரசுப் பல்கலைக்கழகத்தில் ஒரு துறையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இங்கே இரண்டு இருக்கின்றன, இரண்டுக்கும் சொந்தமாக ஒரு வரலாறும் இருக்கிறது.

சேப்பாக்கத்திலுள்ள சென்னைப் பல்கலைக்கழகத் துறையின் அடையாளம் பாதிக்கப்பட்டோரியல். பேராசிரியர் கே. சொக்கலிங்கம் அங்கே அதை ஊன்றியவர். பின்னாளில் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தார். குற்றவாளியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த ஒரு துறையை, அடிபட்டவர் பக்கம் திரும்பச் செய்தது சின்ன காரியமில்லை. 2008 திருத்தத்தில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குள் நுழைந்த 357ஏ, அதாவது பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டம், அப்படிப்பட்ட வாதங்கள் நாடெங்கும் பல ஆண்டுகள் நடந்த பிறகு வந்ததுதான். இந்தியக் குற்றவியல் சங்கத்துக்கும் சென்னைக்கும் 1970-லிருந்தே உறவு. உயர் நீதிமன்றம், காவல் ஆணையரகம், புழல் சிறை, தடய அறிவியல் துறைத் தலைமையகம் எல்லாம் பேருந்து தூரத்தில் இருப்பதால் களப்பயணமும் இன்டர்ன்ஷிப்பும் அலைச்சல் இல்லாமல் அமையும்.

மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருப்பது நெல்லைக்கு வெளியே, அபிஷேகப்பட்டியில். நகரப் பரபரப்பு கிடையாது. ஆனால் இணையக் குற்றங்களை ஆராய்வதற்கு 'சைபர் கிரிமினாலஜி' என்று ஒரு தனிக் கிளை வேண்டும் என்று முன்வைத்து, 2007-ல் அதற்கென ஒரு சர்வதேச ஆய்விதழையே தொடங்கிய கே. ஜெய்சங்கர் அப்போது பாடம் நடத்திக்கொண்டிருந்தது அங்கேதான். ஒரே ஆள் நேரில் ஒரு மாதிரியும் இணையத்தில் வேறு மாதிரியும் நடந்துகொள்வதை விளக்க அவர் முன்வைத்த 'ஸ்பேஸ் டிரான்சிஷன்' கோட்பாட்டை இன்று வெளிநாட்டுப் பாடப்புத்தகங்களிலும் பார்க்கலாம். அவர் இப்போது அங்கே இல்லை. ஆனாலும் ஆய்வுக் கட்டுரை எழுதி வெளியிடுவது மாணவர் வேலையும்தான் என்ற பழக்கம் அந்தத் துறையில் அப்போதே விழுந்துவிட்டது. சாதி வன்முறையை ஆராய விரும்புகிறவருக்கு நெல்லை, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களே ஆய்வுக்களம். பாளையங்கோட்டை மத்தியச் சிறையும் பக்கத்தில். சென்னையில் உட்கார்ந்து எழுதினால் அந்த ஆய்வு செய்தித்தாள் கத்தரிப்பாகத்தான் முடியும்.

இரண்டில் எது என்று கேட்டால், வேலையை நோக்கிப் படிப்பவர் சென்னைக்குப் போகலாம். முனைவர் பட்டம் வரை போகும் எண்ணம் இருப்பவர் நெல்லையையும் சமமாக வைத்துப் பார்க்கலாம். அங்கே அறை வாடகையும் சாப்பாடும் சென்னையைவிட எவ்வளவு குறைவு என்பதையும் கணக்கில் சேர்க்கவும். கட்டாயம் பார்க்க வேண்டிய இன்னொன்று, துறையில் இப்போது எத்தனை நிரந்தர ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்பது. மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஓய்வுபெற்றவர் இடம் வருடக்கணக்கில் காலியாகக் கிடப்பது ஊரறிந்த கதை. இணையதளத்தில் பேராசிரியர்கள் படம் பழையதாக இருக்கலாம். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரைப் பிடித்து, "உங்க டிசர்டேஷனுக்கு கைடு யாரு, எத்தனை தடவை பார்த்தீங்க" என்று கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

படித்த பிறகு? விரிவுரையாளர் தகுதிக்கான யு.ஜி.சி. நெட் தேர்வில் குற்றவியல் தனிப்பாடம், எண் 68. அதிலேயே ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், இரண்டாண்டு கழித்து 42,000. எழுதுவோர் கூட்டம் வணிகவியல், ஆங்கிலம் போன்ற பாடங்களோடு ஒப்பிட்டால் குறைவு. ஆனால் நெட் தேறியவரை எடுத்துக்கொள்ளும் துறைகளும் குறைவு என்பதை மறக்கக் கூடாது. கலை அறிவியல் கல்லூரிகளில் குற்றவியலும் காவல் நிர்வாகமும் இளங்கலையாக வந்த பிறகு விரிவுரையாளர் தேவை கொஞ்சம் கூடியிருக்கிறது. பெரும்பாலும் சுயநிதிப் பிரிவுகள். சம்பளத்தைச் சேரும்முன் வாய்விட்டுக் கேட்டுக்கொள்வது நல்லது. சென்னையில் இருப்பவர்களில் ஒரு பகுதி தனியார் பக்கம் போகிறார்கள். வங்கிகளின் பணச்சலவைத் தடுப்புப் பிரிவு, வேலைக்குச் சேர்வோரின் பின்னணியைச் சரிபார்க்கும் நிறுவனங்கள், காப்பீட்டு மோசடி விசாரணை போன்றவை. வகுப்பில் கனவு கண்ட வேலை இதுவாக இருக்காது. ஆனால் சம்பளம் முதல் தேதியில் வரும்.

மும்பை: டிஸ்

மனிதரோடு வேலை செய்ய வேண்டும் என்பவருக்கு, பணமும் மனமும் இடம் கொடுத்தால், என் முதல் பரிந்துரை டாடா சமூக அறிவியல் நிறுவனம் (டிஸ்) தான். காரணம் பெயரளவில் தொடங்குகிறது. அங்கே கிடைக்கும் பட்டம் சமூகப்பணியில் எம்.ஏ.; குற்றவியலும் நீதியும் அதன் சிறப்புப் பிரிவு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலோ பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையத்திலோ வேலை அறிவிப்பு வரும்போது கல்வித் தகுதி வரிசையைப் படித்துப் பாருங்கள். சமூகப்பணி, சமூகவியல், உளவியல், சட்டம் என்று போகும். குற்றவியல் சில அறிவிப்புகளில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. சமூகப்பணி என்ற பெயர் கையில் இருந்தால் அந்தக் கவலை இல்லை. குற்றவியலில் தங்கப் பதக்கம் வாங்கியவர் விண்ணப்பப் படிவத்தின் தகுதிக் கட்டத்தோடு மல்லுக்கட்டி, பட்டத்துக்கு இணைத்தன்மை அரசாணை தேடி அலைவது இங்கே அடிக்கடி நடக்கிறது.

பெயரைத் தாண்டிய காரணமும் இருக்கிறது. டிஸ்ஸின் களப்பணி மேலோட்டமானது அல்ல. அதன் முயற்சியான பெண்கள், குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவு 1984-ல் மும்பைக் காவல் ஆணையர் அலுவலகத்துக்குள்ளேயே தொடங்கப்பட்டது. புகார் கொடுக்க வந்த பெண் காவலரைப் பார்க்கும் அதே கட்டடத்தில் சமூகப் பணியாளரும் உட்கார்ந்திருப்பார். 1990-ல் தொடங்கிய டிஸ்ஸின் களத் திட்டமான பிரயாஸ் மும்பைச் சிறைகளில் விசாரணைக் கைதிகளோடு வேலை செய்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். தண்டனை பெறாதவர்களே நான்கில் மூன்று பங்கு. பிணை கிடைத்தும் ஜாமீன்தாரர் இல்லாமல் உள்ளே கிடப்பவர் யார், அவர் வீட்டுக்குத் தகவல் போயிற்றா என்று ஒரு மாணவர் வாரம்தோறும் சிறைக்குள் போய் விசாரிப்பது எந்தப் புத்தகமும் தராத பாடம். 2018-ல் பீகார் விடுதிகளைத் தணிக்கை செய்து முசாஃபர்பூர் விடுதிச் சிறுமியருக்கு நடந்த பாலியல் கொடுமையை வெளியே கொண்டுவந்ததும் டிஸ்ஸின் கோஷிஷ் குழுதான்.

இந்தப் பயிற்சி என்ன வித்தியாசம் செய்யும் என்பதை ஒரு தாளில் பார்த்துவிடலாம். பதினாறு வயதுப் பையன் ஒருவன் திருட்டு பைக்கோடு பிடிபடுகிறான். இளைஞர் நீதிக் குழுமம் முன் நிறுத்துகிறார்கள். 2015 சட்டப்படி, நன்னடத்தை அலுவலர் பதினைந்து நாளுக்குள் சமூக விசாரணை அறிக்கை தர வேண்டும். மாதிரி விதிகளில் அது படிவம் 6. பயிற்சி இல்லாதவர் எழுதும் அறிக்கை எல்லாப் பையன்களுக்கும் ஒரே மாதிரி இருக்கும்: "ஏழ்மையான குடும்பம். தந்தை குடிப்பழக்கம் உள்ளவர். தீய சகவாசம்." மூன்று வரி, கையெழுத்து. பயிற்சி பெற்றவர் அதே பையன் வீட்டுக்குப் போகிறார். ஒன்பதாம் வகுப்பில் நின்றான் என்றால் எந்த மாதம் நின்றான், அந்த மாதம் வீட்டில் என்ன நடந்தது, மாற்றுச் சான்றிதழை வாங்கியது யார், அதன்பின் மெக்கானிக் ஷெட்டில் வேலை பார்த்தானா, தினக்கூலி எவ்வளவு, அதை யாரிடம் கொடுத்தான், பைக்கை ஓட்டச் சொன்ன ஆளுக்கு என்ன வயது என்று கேட்கிறார். அம்மா பதில் சொல்லும்போது பாட்டி இடைமறித்துச் சொன்னதையும் குறித்துக்கொள்கிறார். இந்த அறிக்கையை வாசிக்கும் குழுமம் அவனை வீட்டுக்கு அனுப்பலாமா, பள்ளியில் மறுபடி சேர்க்க முடியுமா என்று முடிவு செய்ய ஏதோ ஒன்று கையில் இருக்கும். முதல் அறிக்கையில் ஒன்றுமே இருக்காது.

சிக்கல்கள்? சேர்க்கை சி.யு.இ.டி. என்ற பொது நுழைவுத் தேர்வின் முதுகலைப் பிரிவு வழியாக, அதற்கு மேலும் ஒரு கட்டம் உண்டு. மும்பையில் இரண்டு வருடம் தங்குவது மலிவு இல்லை. இந்தியோ மராத்தியோ வராமல் களத்தில் முதல் ஆறு மாதம் ஊமையாகத்தான் நிற்க வேண்டும். இது தமிழ்நாட்டுப் பிள்ளைகளை நிஜமாகவே வாட்டும். படித்து வந்த பிறகு இங்கே கிடைக்கும் பணிகள் பெரும்பாலும் தொகுப்பூதிய ஒப்பந்தப் பணிகள். இதற்கெல்லாம் கட்டுப்படி ஆகாது என்பவர்களுக்குச் சென்னையிலேயே மாற்று வழி இருக்கிறது: 1952-லிருந்து நடக்கும் சென்னை சமூகப்பணிப் பள்ளியிலோ லயோலாவிலோ எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) சேர்ந்து, களப்பணியையும் ஆய்வேட்டையும் சிறை, இளைஞர் நீதி பக்கம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். குற்றவியல் கோட்பாடு குறையும். பட்டத்தின் பெயரும் தமிழில் பேசும் களமும் கிடைக்கும். தமிழ்நாட்டிலேயே வேலை பார்ப்பது உறுதி என்றால் இது டிஸ்ஸுக்கு இளைத்தது என்று சொல்ல மாட்டேன்.

ஆய்வகப் பக்கம்

அறிவியல் இளங்கலை படித்தவர்களுக்குத் தடய அறிவியல். இந்தியாவில் இதைப் பல்கலைக்கழகப் பாடமாக்கிய முன்னோடி மத்தியப் பிரதேசத்தின் சாகர், 1959-லேயே. இப்போது எல்லோர் வாயிலும் இருப்பது காந்திநகர் தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகம். 2009-ல் குஜராத் தடய அறிவியல் பல்கலைக்கழகமாகத் தொடங்கி, 2020-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனமானது. டெல்லியில் இருந்த பழைய தேசியக் குற்றவியல், தடய அறிவியல் நிறுவனமும் அதன் வளாகமாகிவிட்டது. அங்கே குற்றவியல் முதுகலையும் உண்டு.

வேலை வாய்ப்புக் கணக்கில் இந்தத் துறைக்குத்தான் காற்று சாதகமாக அடிக்கிறது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176(3) பிரிவு, ஏழாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை தரக்கூடிய குற்றங்களில் தடய நிபுணர் சம்பவ இடத்துக்கே போக வேண்டும் என்கிறது. மாநிலங்கள் இதை நடைமுறைக்குக் கொண்டுவர ஐந்தாண்டு அவகாசம் தரப்பட்டிருக்கிறது. அதாவது 2029-க்குள் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆள் வேண்டும்.

இரண்டு எச்சரிக்கை. முதலாவது, நம்மூர்த் தடய அறிவியல் துறை 1849-ல் சென்னையில் தொடங்கிய வேதியியல் பரிசோதகர் ஆய்வகத்தின் வாரிசு. அந்த வேதியியல் வாசம் ஆள்தேர்வில் இன்னும் இருக்கிறது. வேதியியல், இயற்பியல், உயிரியல் முதுகலைகளுக்கு முதலிடம் தரும் அறிவிப்புகள் வரும். தடய அறிவியலில் எம்.எஸ்சி. படித்தால் எந்தப் பிரிவில் தனித்தேர்ச்சி என்று சான்றிதழில் அச்சாகுமா என்று சேரும் முன்பே கேளுங்கள். இரண்டாவது, வேலை திரையில் பார்ப்பது போல இருக்காது. காலையில் மேசைக்கு வரும் பொட்டலத்தில் முதலில் பார்ப்பது அரக்கு முத்திரை உடைந்திருக்கிறதா என்பதை. பிறகு மாதிரி முத்திரையோடு ஒத்துப்போகிறதா, சீட்டில் எழுதிய குற்ற எண்ணும் நீதிமன்றக் கடிதத்திலுள்ள எண்ணும் ஒன்றா என்பதை. பிரித்தால், ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிய சட்டை. ரத்தக்கறை மேல் பூஞ்சை. காகித உறையில் காயவைத்துப் போட்டிருந்தால் முடிவு கிடைத்திருக்கும். சில வருடம் கழித்து அதே வழக்கில் சாட்சிக் கூண்டில் ஏறி, "அந்தப் பொட்டலம் உங்கள் ஆய்வகத்தில் எத்தனை நாள் எங்கே இருந்தது?" என்ற குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டும். பொறுமைசாலிகளுக்கு இதைவிட நல்ல வேலை இல்லை. மற்றவர்கள் ஒரே வருடத்தில் சலித்துவிடுவார்கள்.

கணினி படித்தவர்கள் சைபர் தடயவியலைப் பார்க்கலாம். சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே அதற்கு முதுகலை உண்டு. இணைய மோசடிப் புகாருக்கான 1930 உதவி எண்ணுக்குப் போன் போட்டுப் பணம் போனதைச் சொல்லாத குடும்பம் அரிதாகிவரும் காலத்தில், அரசு வேலைக்குக் காத்திருக்காமல் தனியார் நிறுவனங்களே தேடி எடுத்துக்கொள்ளும் கிளை இது என்று தாராளமாகச் சொல்லலாம்.

வெளிநாடு

இங்கிலாந்தில் ஒரு வருட எம்.எஸ்சி. ஏஜென்சிகள் அதிகம் விற்கும் சரக்கு. கட்டணமும் தங்கும் செலவும் சேர்த்து முப்பது லட்சம் ரூபாய் சர்வ சாதாரணம். படிப்பின் தரத்தில் குறை சொல்ல முடியாது. கேம்பிரிட்ஜில் குற்றவியல் கழகம் 1959-லிருந்து நடக்கிறது. சிக்கல் படிப்பில் இல்லை, படித்து முடித்த மறுநாளில் இருக்கிறது. காவல், சிறை, நன்னடத்தைக் கண்காணிப்பு எல்லாம் ஒரு நாடு தன் ஆட்களுக்கென்று வைத்துக்கொள்ளும் வேலைகள். அங்கே காவலராக, விசா கட்டுப்பாடு இல்லாத குடியுரிமை நிலை வேண்டும். நன்னடத்தை அலுவலராக அவர்களுடைய தனிப் பயிற்சித் தகுதி வேண்டும். படிப்புக்குப் பின் தங்கும் விசா இரண்டு ஆண்டு. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்குப் பதினெட்டு மாதமாகக் குறைகிறது. அதற்குள் ஸ்பான்சர் செய்யும் வேலை கிடைப்பது கணினிக்காரருக்கே பாடு.

அமெரிக்காவிலும் இதே சுவர். 1964-ல் காவல் அறிவியல் கல்லூரியாகத் தொடங்கிய நியூயார்க்கின் ஜான் ஜே இந்தத் துறையில் பெரிய பெயர். ஆனால் எஃப்.பி.ஐ. போன்ற அமைப்புகளுக்கு அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம். குற்றவியல் நீதிப் பட்டத்துக்குப் பொதுவாக ஓ.பி.டி., அதாவது படிப்புக்குப் பின் அங்கே வேலை பார்க்கும் அனுமதி, பன்னிரண்டு மாதம்தான், தடய அறிவியல் ஸ்டெம் என்ற அறிவியல், தொழில்நுட்பப் பாடப் பட்டியலில் இருப்பதால் அதற்கு மேலும் இருபத்துநான்கு மாதம் கிடைக்கும். அப்படியே போவதென்றால் ஆய்வகப் பக்கம் போவதே புத்திசாலித்தனம்.

வீட்டை அடகு வைத்துக் குற்றவியல் படிக்க வெளிநாடு போக வேண்டாம் என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். உதவித்தொகையோடு போகலாம். இரண்டாண்டு வேலை அனுபவம் இருந்தால் பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகை உண்டு. முடித்ததும் இரண்டாண்டு ஊரில் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. பட்டியலினத்தவருக்கு மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையும், தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டமும் உண்டு. முழு நிதியோடு முனைவர் பட்ட இடம் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம், போய்வாருங்கள்.

ஏற்கெனவே பணியில் இருப்பவர்கள்

காவலர், சிறைக் காவலர், நீதிமன்ற ஊழியர் என்று பணியில் இருப்போர் வேலையை விட்டுவிட்டுப் படிக்கத் தேவையில்லை. இக்னோவில் குற்றவியல் நீதியில் முதுநிலைப் பட்டயம் தபாலில் முடிக்கலாம். பதவி உயர்வுக்கோ ஊக்க ஊதியத்துக்கோ அது கணக்கில் வருமா என்பதை உங்கள் அலுவலக எழுத்தரிடம் முதலிலேயே கேட்டு, முடிந்தால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சேர்வதென்று முடிவானால் நாட்காட்டியைப் பாருங்கள். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். கிளாட் தேர்வு டிசம்பரில் நடக்கிறது. அதற்கான விண்ணப்பம் ஏறக்குறைய ஒரு மாதம் முன்பே முடிந்துவிடும். சி.யு.இ.டி. முதுகலைத் தேர்வு மார்ச் வாக்கில், அதற்கும் குளிர்காலத்திலேயே விண்ணப்பித்தாக வேண்டும். அதாவது டிஸ்ஸோ தேசியச் சட்டப் பல்கலைக்கழகமோ வேண்டுமென்றால் கடைசி ஆண்டு தொடங்கும்போதே தயாராகியிருக்க வேண்டும். சென்னை, நெல்லை சேர்க்கைகள் கோடையில். அவை கடைசிக் கைப்பிடி. விண்ணப்பிக்கும் முன் டி.என்.பி.எஸ்.சி. தளத்தில் நன்னடத்தை அலுவலர், உதவிச் சிறை அலுவலர், தடய அறிவியல் துறை இளநிலை அறிவியல் அலுவலர் பதவிகளின் பழைய அறிவிப்புகளை இறக்கி, கல்வித் தகுதிப் பத்தியை மட்டும் அடிக்கோடு போட்டுப் படியுங்கள். நீங்கள் சேரப்போகும் பட்டத்தின் பெயர் அங்கே எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டணத்தைக் கட்டுங்கள்.